பைப் வழியே தரவு: பில்டு எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி, மூக்கையூர் பக்கத்து ஏலக்கூடங்களின் எடைச்சீட்டுகளைத் தொகுத்துப் படகுவாரியாகவும் மீன்வாரியாகவும் கணக்குத் தரும் ஒரு சிறு மென்பொருளை நாங்கள் சிலர் சேர்ந்து பராமரித்து வருகிறோம். அதன் பில்டு, அதாவது மூலக்கோப்புகளிலிருந்து மென்பொருளை உருவாக்கும் வேலை, முழுவதும் லினக்ஸில் நடக்கிறது. மீன் பெயர்ப் பட்டியல், இறங்குதளப் பட்டியல், பழைய சீட்டுகள் ஆகிய உரைக்கோப்புகளைச் சிறு நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தி, கடைசியில் சி மொழி அட்டவணைகளாக மாற்றித் தருகின்றன. புதிதாகச் சேர்கிறவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் இந்த நிரல்களுக்கிடையே தரவு போகும் வழியைப் பற்றியே இருப்பதால், அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

பைப் என்பது உண்மையில் என்ன?

இயங்குதளத்தின் கருவகம் தன் நினைவகத்தில் ஒதுக்கித் தரும் ஒரு சிறு இடைத்தாங்கிதான் பைப். அதற்கு எழுதும் முனை ஒன்றும் படிக்கும் முனை ஒன்றும் உண்டு. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லில் இரு கட்டளைகளுக்கு நடுவே | குறியை இட்டால், ஷெல் முதலில் பைப்பை உருவாக்கி, பிறகு இரண்டு செயல்முறைகளைப் பிரித்தெடுத்து, முதலாவதன் வெளியீட்டை எழுதும் முனையிலும் இரண்டாவதன் உள்ளீட்டைப் படிக்கும் முனையிலும் பொருத்திவிட்டு, அதன் பின்னரே நிரல்களை ஏற்றுகிறது. ஆகவே இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. முதலாவது முடிந்த பிறகுதான் இரண்டாவது தொடங்கும் என்று எண்ணுவது தவறு.

லினக்ஸில் ஒரு பைப்பின் வழக்கமான கொள்ளளவு 65,536 பைட்டுகள். அது நிரம்பினால் எழுதும் நிரல் காத்திருக்கும், காலியாக இருந்தால் படிக்கும் நிரல் காத்திருக்கும். வேகம் கூடிய நிரலும் குறைந்த நிரலும் எந்த ஏற்பாடும் இல்லாமல் ஒத்துப்போவது இதனால்தான். நிரல்களை இப்படி இணைக்க வேண்டும் என்று பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964இலேயே ஒரு குறிப்பில் எழுதினார். கென் தாம்சன் 1973இல் அதை யூனிக்ஸில் செய்து காட்டினார்.

கீழே வரும் பதில்களில் பாதிக்குமேல் ஒரே உண்மையிலிருந்து பிறப்பவை: பைப் பைட்டுகளை மட்டுமே கடத்தும். எங்கே ஒரு பதிவு முடிந்து அடுத்தது தொடங்குகிறது, அந்த பைட்டுகள் எந்த எழுத்தைக் குறிக்கின்றன, அனுப்பியவர் வேலையை ஒழுங்காக முடித்தாரா நடுவில் விழுந்தாரா என்பவை எவையும் அதற்குத் தெரியாது. அவற்றையெல்லாம் இரு முனைகளிலும் நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இடைக்கோப்பில் எழுதி அடுத்த நிரலுக்குக் கொடுத்தால் போதாதா?

பல இடங்களில் போதும்; பில்டில் அதுவே நல்லதும்கூட. பில்டை நடத்தும் மேக் நிரல் எதை மீண்டும் செய்ய வேண்டும் என்பதைக் கோப்புகளின் நேரத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறது. பைப் வழியே போன தரவு எந்தத் தடயத்தையும் விட்டுவைப்பதில்லை என்பதால், எட்டு நிரல்களை ஒரே வரியில் கோத்துவிட்டால் கடைசி நிரலில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் முதல் நிரலிலிருந்தே எல்லாம் ஓட வேண்டியிருக்கும். நேரம் பிடிக்கும் கட்டத்தின் விளைவைக் கோப்பாக நிறுத்துங்கள். நொடியில் முடியும் சில்லறைத் திருத்தங்களைப் பைப்பில் கோத்துக்கொள்ளுங்கள்.

ஜிசிசி தொகுப்பியின் பைப் விருப்பத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். தொகுப்பின் கட்டங்களுக்கிடையே தற்காலிகக் கோப்புகளுக்குப் பதிலாகப் பைப்பைப் பயன்படுத்தச் சொல்வது அது. இன்றைய கணினிகளில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

நடுவில் ஒரு நிரல் தோற்றாலும் பில்டு வெற்றி என்று ஏன் சொல்கிறது?

பைப்பால் கோத்த நிரல்களின் தொடரே பைப்வரிசை; ஒரு நிரல் முடியும்போது தரும் எண்ணே அதன் முடிவுநிலை. ஒரு பைப்வரிசையின் முடிவுநிலை என்பது, வேறு ஏற்பாடு இல்லாதபோது, அதன் கடைசி நிரலின் முடிவுநிலைதான். சீட்டுகளைப் பிரிக்கும் நிரல் பாதியில் விழுந்துவிட்டாலும், அதன் பின்னால் நிற்கும் சார்ட் நிரல் கிடைத்த வரிகளை அடுக்கிவிட்டு 0 என்ற வெற்றிக்குறியைத் தந்து முடிந்துவிடும். மேக்குக்குத் தெரிவது அந்த 0 மட்டும்தான். பில்டு பச்சையாக முடிந்து, கணக்கில் பாதிப் படகுகள் காணாமல்போவது இப்படித்தான்.

இதற்கு மருந்து பைப்ஃபெயில் என்ற ஷெல் விருப்பம். அதை இயக்கினால், வரிசையில் தோற்ற நிரல்களுள் வலக்கோடியில் உள்ளதன் முடிவுநிலையே முழு வரிசையின் முடிவுநிலை ஆகும். பாஷ், கார்ன் ஷெல், இசட் ஷெல் ஆகியவற்றில் இது நெடுநாளாக உண்டு. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலும் சேர்ந்துவிட்டது. ஆனால் மேக் தன் கட்டளைகளை இயல்பாக அடிப்படை ஷெல்லிடம்தான் ஒப்படைக்கும். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் அது பாஷ் அன்று, டாஷ். எனவே மேக்குக்கான விதிகளை எழுதும் மேக்கோப்பின் தலையிலேயே ஷெல்லாகப் பாஷைக் குறிப்பிட்டு, ஷெல் கொடிகளுக்கான மாறியில் பைப்ஃபெயிலையும் சேர்த்துவிடுங்கள். ஜிஎன்யூ மேக்கின் 3.82 பதிப்பிலிருந்து அந்தக் கொடி மாறி கிடைக்கிறது.

பைப்ஃபெயிலைச் சேர்த்த பிறகு ஏப்ரல் மாதத்தில் மட்டும் பில்டு உடைகிறது. ஏன்?

வெளியூர்க்காரர்கள் கேட்காத கேள்வி இது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகள் கடலுக்குப் போவதால் சீட்டுகள் வந்துகொண்டேதான் இருக்கும்; ஆனால் விசைப்படகுச் சீட்டுகளை மட்டும் வடிகட்டும் கிரெப் கட்டளைக்கு ஒரு வரிகூடக் கிடைக்காது.

கிரெப்பின் முடிவுநிலைகள் மூன்று: பொருந்தும் வரி கிடைத்தால் 0, ஒன்றுமே கிடைக்காவிட்டால் 1, கோப்பைத் திறக்க முடியாதது போன்ற உண்மையான பிழையென்றால் 2. வரி இல்லை என்பது இங்கே பிழையே அன்று. தடைக்காலத்தில் அதுதான் சரியான விடை. பைப்ஃபெயிலோ 0 அல்லாத எதையும் தோல்வி என்றே கொள்ளும். அதனால் சோதனைத் தரவு முழுவதும் பிப்ரவரி மாதத்துச் சீட்டுகளாக இருந்தால் எல்லாம் ஓடும், ஏப்ரல் 15 தாண்டியதும் நின்றுவிடும்.

இதைத் தீர்க்கச் சிலர் பைப்ஃபெயிலையே எடுத்துவிடுகிறார்கள். அது நோயைவிடக் கெட்ட மருந்து. கிரெப் கட்டளையை நெளிவு அடைப்புக்குள் இட்டு, அடைப்பை மூடும் முன்பே அதன் பின்னால் || [ $? = 1 ] என்று சேர்த்தால், 1 மட்டும் மன்னிக்கப்படும், 2 பிழையாகவே நிற்கும். மேக்கோப்புக்குள் எழுதும்போது டாலர் குறியை இரட்டிக்க மறக்க வேண்டாம். வடிகட்டும் வேலையை, உரையை வரிவரியாகக் கையாளும் ஆக் நிரலிடம் கொடுப்பது இன்னும் எளிது. வரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது 0 தான் தரும். எதைச் செய்தாலும், ஒரு வரியும் இல்லாத கோப்பு ஒன்றைச் சோதனைத் தரவில் நிரந்தரமாக வைத்திருங்கள்.

பில்டு நடுவில் நின்றது. மீண்டும் ஓட்டினால், பாதிக் கோப்பை முழுக்கோப்பு என்று நம்பி மேலே போகிறது. என்ன செய்வது?

திசைமாற்றக் குறியான > கட்டளை தொடங்கும் முன்பே இலக்குக் கோப்பை உருவாக்கிவிடுகிறது. பைப்வரிசை தோற்றாலும் அந்தக் கோப்பு புதிய நேரத்தோடு அங்கேயே கிடக்கும். அடுத்தமுறை மேக் அதைப் பார்த்து, வேலை முடிந்தது என்று கடந்துவிடும். தற்காலிகப் பெயரில் எழுதி, வரிசை முழுவதும் வென்ற பிறகே சரியான பெயருக்கு மாற்றுங்கள். ஒரே கோப்பமைப்புக்குள் பெயர்மாற்றம் ஒரே அடியில் நடப்பதால், பார்ப்பவர்களுக்குப் பழைய கோப்பு தெரியும் அல்லது புதிய கோப்பு தெரியும். அரைகுறை எப்போதும் தெரியாது. தோற்றால் இலக்கை அழித்துவிடு என்று ஜிஎன்யூ மேக்குக்கே சொல்லும் சிறப்பு இலக்கு ஒன்றும் உண்டு. இரண்டையும் சேர்த்தே வையுங்கள்.

ஒரு கோப்பைச் சார்ட் செய்து அதே கோப்பில் எழுதினால் காலியாகிவிடுகிறதே?

மேலே சொன்ன அதே காரணம்தான்: சார்ட் படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் கோப்பைக் காலி செய்துவிட்டது. சார்ட் நிரலுக்கு மட்டும் இதற்கென வெளியீட்டுக் கோப்பு விருப்பம் உண்டு. உள்ளீட்டை முழுவதும் படித்த பிறகே எழுதும் என்பதால் அதைப் பயன்படுத்தலாம். மற்ற நிரல்களுக்குத் தற்காலிகக் கோப்புதான் வழி.

முடிவுநிலை 141 என்று வருகிறது. அது என்ன எண்?

128உடன் 13ஐக் கூட்டினால் 141. படிக்கும் முனை மூடப்பட்ட பைப்பில் எழுத முயலும் செயல்முறைக்குக் கருவகம் அனுப்பும் சமிக்ஞையின் எண் 13. ஹெட் நிரல் முதல் பத்து வரிகளை வாங்கிக்கொண்டு வெளியேறியதும், முன்னால் நின்று எழுதிக்கொண்டிருந்த நிரல் இந்தச் சமிக்ஞையால் நிறுத்தப்படுகிறது. இது நல்ல ஏற்பாடு. இல்லாவிட்டால் கேட்க ஆளில்லாமல் அது கோப்பு தீரும்வரை எழுதிக்கொண்டே இருக்கும். பைப்ஃபெயில் இயங்கும்போது மட்டும் இதுவும் தோல்வியாகத் தெரியும். பில்டுக்குள் ஹெட்டைப் பயன்படுத்தாமல், உள்ளீட்டை முழுதும் படித்து முதல் பத்து வரிகளை மட்டும் அச்சிடும் ஆக் கட்டளையை எழுதிவிடுவதே எங்கள் வழக்கம்.

எடை இயந்திரத்திலிருந்து வரும் வரிகள் திரையில் உடனே தெரியாமல் மொத்தமாக வந்து விழுகின்றனவே?

இதற்குக் காரணம் பைப் அன்று, நிரல்களுக்குள் இருக்கும் நூலகம். சி மொழியின் நூலகம், வெளியீடு திரைக்குப் போனால் வரிவரியாகத் தள்ளும். பைப்புக்கோ கோப்புக்கோ போனால் தன் இடைத்தாங்கி நிரம்பும்வரை தேக்கி வைக்கும். அந்த இடைத்தாங்கி 4,096 பைட்டுகள், வரி ஒன்று 80 பைட்டுகள் என்று வைத்துக்கொண்டால், ஐம்பது சீட்டுகள் சேர்ந்த பிறகே அடுத்த நிரலுக்கு எதுவும் போய்ச்சேரும். அதிகாலை ஏலத்தில் கூடை ஒவ்வொன்றாகத் தராசில் ஏறும்போது இது உதவாது.

கிரெப்புக்கு வரிவாரி விருப்பம் உண்டு, உரையைத் திருத்தும் செட் நிரலுக்கும் தேக்காமல் அனுப்பும் விருப்பம் உண்டு. ஆக்கில் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் தள்ளிவிடும் செயற்கூறை அழைக்கலாம். பைத்தானுக்கும் ஒரு கொடி இருக்கிறது. இவை எதுவும் இல்லாத நிரலை எஸ்டிடிபஃப் என்ற உறைநிரலுக்குள் வைத்து ஓட்டிப் பாருங்கள். நூலகத்தின் வழக்கமான இடைத்தாங்கியைப் பயன்படுத்தும் நிரல்களில் மட்டுமே அது வேலை செய்யும். வரிசையில் ஒரே ஒரு நிரல் தேக்கினாலும் எல்லாம் தேங்கும் என்பதால், ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். பில்டில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அங்கே தேக்கம்தான் வேகம்.

தமிழ் மீன் பெயர்கள் பைப்பில் போகும்போது ஏன் சிதைகின்றன?

பைப் சிதைப்பதில்லை, அது பைட்டுகளை வாங்கியபடியே தருகிறது. சிதைப்பவை இரு முனைகளிலும் உள்ள நிரல்கள். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகள். ‘பாம்பன்’ என்பதில் ப, கால், ம, புள்ளி, ப, ன, புள்ளி என 7 குறியீடுகள், ஆக 21 பைட்டுகள். வரியின் ஒரு பகுதியை வெட்டித் தரும் ஜிஎன்யூவின் கட் நிரல் எழுத்துவாரி விருப்பத்திலும் நெடுங்காலமாகப் பைட்டுகளைத்தான் எண்ணி வந்திருக்கிறது. முதல் 8 எழுத்துகளைக் கேட்டால் ‘பா’ என்பதும், ‘ம’வின் மூன்றில் இரண்டு பைட்டுகளும் வரும். அந்த அரை எழுத்துதான் திரையில் கேள்விக்குறியாகத் தெரிகிறது. எழுத்து மாற்றும் டிஆர் நிரலும் இதே இனம். குறியீடுகளை எண்ணும் நிரலாலும் முழுப் பயனில்லை. ‘ம்’ நமக்கு ஓர் எழுத்து, அதற்கு இரண்டு.

ஆகவே தமிழ்த் தரவை இடம் எண்ணி வெட்டாதீர்கள்; டேப் போன்ற பிரிகுறியை வைத்துப் புலங்களாகப் பிரியுங்கள். ஆஸ்கி பைட்டு எதுவும் யூடிஎஃப்-8 எழுத்தின் நடுவில் வராது என்பது அந்தக் குறியாக்கத்தின் உறுதிமொழி. அதனால் பைட்டுகளை மட்டுமே அறிந்த நிரல்கூட டேப் குறியில் பிழையின்றிப் பிரிக்கும்.

அடுத்த சிக்கல் கண்ணுக்கே தெரியாது. ‘கொடுவா’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். யூனிகோடு தரம் இரண்டையும் சமம் என்கிறது, திரையிலும் வேறுபாடில்லை. ஆனால் முதல் வகை 18 பைட்டுகள், இரண்டாவது 21. கிரெப் ஒன்றைத் தேடினால் மற்றதைக் காணாது. ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கும் யூனிக் நிரல் இரண்டையும் இரு மீன்களாக எண்ணும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியல்களில் இப்படி வருவதுண்டு. பைப்வரிசையின் முதல் படியாக யூகான்வ் நிரலைக் கொண்டு எல்லாவற்றையும் கூட்டிய வடிவத்துக்கு இயல்பாக்கிவிடுங்கள். ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதிலாக ‘ள’ எழுத்தையே அடித்திருந்தால் இயல்பாக்கமும் அதைத் திருத்தாது. அதற்குத் தனி விதி எழுத வேண்டும்.

ஒரே தரவு, இரண்டு கணினிகளில் வேறு வரிசையில் அடுக்கப்படுகிறது. எது சரி?

சார்ட் நிரல் அந்தந்தக் கணினியின் மொழியமைப்பைப் பார்த்து அடுக்குகிறது. பில்டின் உள்வேலைக்கு மொழியமைப்பைச் ‘சி’ என்று நிலைநிறுத்துங்கள். பைட்டு வரிசை எங்கும் ஒன்றே. இரு கோப்புகளை இணைக்கும் ஜாயின், ஒப்பிடும் காம் போன்ற நிரல்கள் இரு உள்ளீடுகளும் ஒரே முறையில் அடுக்கப்பட்டிருந்தால்தான் ஒழுங்காக நடக்கும். ஆனால் அந்த வரிசையை மக்கள் பார்க்கும் பட்டியலுக்குப் பயன்படுத்தக் கூடாது. யூனிகோடு தொகுதியில் ன எழுத்து ந எழுத்தை அடுத்தும், ற எழுத்து ர எழுத்தை அடுத்தும் இருப்பதால் அகராதி வரிசை கெட்டுவிடும். அச்சிடும் கடைசிப் படியில் மட்டும் தமிழ் மொழியமைப்பில் அடுக்குங்கள்.

‘மண்டபம் வடக்கு’ என்று இடைவெளியோடு பெயருள்ள கோப்பை, பைப்பில் வரும் பெயர்களைக் கட்டளைக்குக் கொடுக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் நிரல் இரண்டாகப் பிரிக்கிறது. என்ன செய்யலாம்?

யூனிக்ஸில் கோப்புப்பெயருக்குள் வர முடியாதவை இரண்டே: சாய்கோடு, சுழி பைட்டு. இடைவெளி, ஏன் புதுவரிகூட வரலாம். ஆகவே பெயர்களைப் பிரிக்க நம்பத் தகுந்தது சுழி பைட்டு ஒன்றுதான். கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் நிரலில் சுழியோடு அச்சிடும் விருப்பத்தையும், எக்ஸ்ஆர்க்ஸில் -0 விருப்பத்தையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

சுழற்சிக்குள் கூட்டிய தொகை வெளியே வந்ததும் பூச்சியம் ஆகிவிடுகிறது.

பாஷில் பைப்வரிசையின் ஒவ்வொரு உறுப்பும் தனிச் செயல்முறையில் ஓடுகிறது. அதில் மாற்றிய மாறி அதோடு போய்விடும். பைப்புக்குப் பதிலாகச் சுழற்சியின் முடிவில் < <( ) என்ற வடிவில் கட்டளையைக் கொடுத்தால் மாறி தங்கும். கூட்டல்தான் வேலை என்றால் ஆக் போதும்.

இரு நிரல்களை இருவழியாக இணைத்தால் ஏன் உறைந்து நிற்கின்றன?

நீங்கள் 65,536 பைட்டுகளுக்கு மேல் எழுதிக்கொண்டே போகிறீர்கள். எதிர்நிரலும் தன் விடைகளை எழுதி உங்கள் பக்கத்துப் பைப்பை நிரப்பிவிட்டது. இருவரும் எழுதக் காத்திருக்கிறீர்கள், படிக்க ஒருவரும் இல்லை. சிறு தரவில் இது ஒருபோதும் நிகழாது என்பதே இதன் ஆபத்து. பைத்தானில் துணைச்செயல்முறைக்கான கம்யூனிகேட் செயற்கூறு இரு பக்கத்தையும் மாறிமாறிக் கவனித்துக்கொள்ளும், அதையே பயன்படுத்துங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. எழுதும் முனையின் நகல்கள் அனைத்தும் மூடப்பட்ட பிறகுதான் படிப்பவருக்குத் தரவு தீர்ந்தது என்ற செய்தி போகும். தாய்ச் செயல்முறை தன் நகலை மூட மறந்தால், எழுதியவர் எப்போதோ போயிருந்தாலும் படிப்பவர் காத்துக்கொண்டே இருப்பார்.

இணையாகப் பல வேலைகளை ஓட்டும்போது, மேக் தன்னுள் அழைக்கும் துணை மேக்குகள் நாம் சொன்ன எண்ணிக்கையை எப்படி மீறாமல் இருக்கின்றன?

இதற்கும் ஜிஎன்யூ மேக் பைப்பைத்தான் பயன்படுத்துகிறது. இராமேசுவரத்தில் மீன்வளத் துறையின் டோக்கனை வாங்கிக்கொண்டு விசைப்படகு கடலுக்குப் போவது போலத்தான் இதுவும். நான்கு வேலைகள் என்று சொன்னால், மேக் ஒரு பைப்பில் மூன்று பைட்டுகளை இட்டு வைக்கும். ஒவ்வொரு மேக்குக்கும் கையில் ஏற்கெனவே ஓர் அனுமதி இருப்பதால் ஒன்று குறைவு. கூடுதல் வேலை தொடங்க நினைக்கும் துணை மேக் ஒரு பைட்டைப் படித்து எடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் திருப்பி எழுத வேண்டும். பைட்டு இல்லையென்றால் காத்திருக்கத்தான் வேண்டும். துணை மேக்கை நேரடிப் பெயரால் அழைக்காமல் அதற்கான மேக் மாறி வழியாக அழையுங்கள். இல்லையென்றால் பழைய பதிப்புகளில் டோக்கன் பைப் அதற்குப் போய்ச்சேராமல், எச்சரிக்கை ஒன்றைத் தந்துவிட்டு ஒற்றை வேலையாகவே ஓடும்.

பில்டு முடிந்த கோப்புகளை வேறு ஊரிலுள்ள கணினிக்குப் பைப் வழியே அனுப்பலாமா?

அனுப்பலாம். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் நிரலின் வெளியீட்டை, தொலைக்கணினியோடு இணைக்கும் எஸ்எஸ்எச் வழியே செலுத்தி, மறுமுனையில் இன்னொரு டார் பிரித்துக்கொள்ளலாம். நடுவில் எங்கும் கோப்பு தேவையில்லை. எஸ்எஸ்எச் மறுமுனைக் கட்டளையின் முடிவுநிலையையே திருப்பித் தரும், இணைப்பே பிழைத்தால் 255 தரும். ஆனால் இந்தப் பைப்புக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும் வழி இல்லை. அலைபேசி இணைப்பு விட்டுவிட்டு வரும் ஊருக்குப் பெரிய தொகுப்பை அனுப்புவதென்றால், பகுதியைக் காத்துவைக்கும் விருப்பத்தோடு கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரலைப் பயன்படுத்தி, மறுமுனையில் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்ட பிறகே பழைய பதிப்பை மாற்றுங்கள்.